காணி அங்கே, வாக்கு எங்கே?

தொண்டைமானாற்றுப் பாலத்தில் நின்று மேற்கே பார்த்தால் வளலாய் தெரியும். அதற்கப்பால் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை என ஊர்கள் கரையோரமாக நீண்டு செல்கின்றன. சற்று உள்ளே வசாவிளான், கட்டுவன், தெல்லிப்பழை. செம்மண்ணும் நல்ல தண்ணீரும் உள்ள ஊர்கள் இவை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது இவ்வூர்களின் குடும்பங்கள் உடுத்த உடையோடு வெளிக்கிட்டன. சில நீரேரியைக் கடந்து வடமராட்சிப் பக்கம் வந்தன. சில முகாம்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் போயின. சில வாரங்களில் திரும்பலாம் என்று கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தவர்களில் பலர், ஊர்க் கிணற்றை இன்னும் காணவில்லை. பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்டுப் பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார்கள்.

தேர்தல் காலத்தில் மட்டும் இக்குடும்பங்களைத் தேடி எல்லோரும் வருகிறார்கள். துண்டுப் பிரசுரம் வருகிறது, ஒலிபெருக்கி வருகிறது, உறுதிமொழி வருகிறது. அந்த நாட்களில் எமது மக்களோடு இருந்து பேசும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “வாக்குப் போட்டு என்னத்தைக் கண்டனாங்கள்?”

இது சலிப்பில் பிறந்த கேள்வி. ஆனால் நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடுமுன் இன்னொரு கேள்வியை நாம் நமக்குள்ளேயே கேட்டுப் பார்க்க வேண்டும். நாடு தழுவிய தேர்தல்களில் இதுவரை நாம் எதைப் பார்த்து வாக்களித்தோம்? எமது கையைப் பிடித்துப் புள்ளடி போடவைத்தது எது? எமது கையைத் தடுத்து வைத்தது எது?

வெங்காயம் போட்ட வாக்கு

முதலில் தோட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து விளைபொருள்களுக்குத் தென்னிலங்கையில் நல்ல விலை கிடைத்தது. கல்வீடு கட்டியவர்கள், நீரிறைக்கும் யந்திரம் வாங்கியவர்கள், பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுத்துக் கரைசேர்த்தவர்கள் பலர். 1977 இல் ஆட்சி மாறியது. ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. விலை விழுந்தது.

1982 ஒக்ரோபர் 20 ஆம் திகதி நாட்டின் முதலாவது சனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டு, யாழ். மாவட்டத்தில் ஏறத்தாழ 40 வீத வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். இது பலரும் எதிர்பார்க்கக்கூடிய முடிவுதான். வியப்பானது இரண்டாம் இடம். முன்னாள் விவசாய, காணி அமைச்சரும் சுதந்திரக் கட்சி வேட்பாளருமான ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு இங்கே 35 வீதமான வாக்குகள் கிடைத்தன. ஜயவர்த்தனாவுக்கு 20 வீதமே.

கொப்பேகடுவ இருந்த அந்த அரசுதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. 1972 இன் குடியரசு அரசியலமைப்பைத் தமிழர் கேட்டதைச் செவிமடுக்காமல் நிறைவேற்றியதும் அதே அரசுதான். தரப்படுத்தலால் மகன் பாதிக்கப்பட்ட வீட்டிலும், வெங்காயத்தால் தகப்பன் நிமிர்ந்த நினைவு இருந்தது. ஒரே அரசைப் பற்றி ஒரே வீட்டில் இரண்டு கணக்குகள். அந்த 35 வீதம் தோட்டக் கணக்கின் பக்கம் விழுந்த வாக்கு என்று சொல்லலாம்.

இந்தக் கணக்கு இன்றும் முடிந்துவிடவில்லை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதையும், இறைக்க வழியின்றிப் பயிர் வாடியதையும் எந்த விவசாயி மறந்திருப்பார்?

மொழியும் உரிமையும்

ஆனால் வயிற்றை மட்டும் பார்த்து வாக்களிக்கும் மக்களல்லர் எம்மவர். இதற்கும் வலிகாமம் வடக்கே சாட்சி.

1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம், ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசனிடம் தோற்றார். நான்கு ஆண்டுகளின் பின், 1956 இல், அதே தொகுதியில் அவரே வென்றார். இடையில் நடந்தது என்ன? தெற்கின் இரு பெரிய அணிகளும் சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற நிலைப்பாட்டுக்கு வந்திருந்தன. 1952 இல் அரசோடு நின்றால் ஏதாவது கிடைக்கும் என்று எண்ணியவர்கள், 1956 இல் அரசின் கடிதத்தையே வாசிக்க முடியாத நிலை வரப்போவதைக் கண்டார்கள். வாக்கு மாறியது. 1977 இல் அதே தொகுதியில் அமிர்தலிங்கம் வென்றார். கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்று, அவர் எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஆகவே ஒரு காலத்தில் வெங்காயம் பேசுகிறது. இன்னொரு காலத்தில் மொழி பேசுகிறது. எந்தக் கவலை வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறதோ அதுவே வாக்குச் சாவடிக்கும் கூடவே வருகிறது.

உறவும் ஊரும்

மூன்றாவதாக நாம் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்று உண்டு. எமது வாக்கை எமக்காக வேறொருவர் தீர்மானிப்பது அது. வீட்டில் தகப்பன், ஊரில் பெரியவர், வாத்தியார், சங்கத் தலைவர். சில வேளைகளில் கோயில் நிருவாகமும், சொல்லத்தான் வேண்டும், ஆலய மேடையும்.

இது எம்மிடம் மட்டும் உள்ள பழக்கமன்று. 1940 இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஈரி என்னும் மாவட்டத்தில் போல் லசார்ஸ்பெல்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஏறத்தாழ 600 வாக்காளரை மாதந்தோறும் திரும்பத் திரும்பச் சந்தித்து, அவர்களின் மனம் எப்படி மாறுகிறதென்று ஆராய்ந்தனர். வானொலியும் பத்திரிகையும் மனங்களை மாற்றிவிடும் என்று எதிர்பார்த்தே அவர்கள் போனார்கள். கண்டதோ வேறு. மனம் மாறியவர்கள் சிலரே. பெரும்பாலானோர் தம் குடும்பத்தவரும் அயலவரும் கூட வேலைசெய்பவர்களும் போடும் பக்கமே போட்டனர். வானொலிப் பேச்சைவிட வேலியருகில் நடக்கும் பேச்சே அவர்களிடம் எடுபட்டது.

எமது சமூகத்தில் வேலியருகுப் பேச்சோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. சாதி பார்த்து வாக்குக் கேட்டவர்களும் உண்டு, போட்டவர்களும் உண்டு. ஆனால் அதே வாக்கு அடக்கப்பட்டவர்களின் கையில் ஆயுதமாகவும் இருந்தது. தமிழரசுக் கட்சியின் அலை வீசிய 1956 இலும், வடமராட்சியின் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. கோயிலிலும் தேநீர்க் கடையிலும் பாடசாலை வாங்கிலும் சம இடம் மறுக்கப்பட்ட மக்கள் அவரின் பின்னால் நின்றார்கள். ஊர்ப் பெரியவரின் வாக்கும் அவருடைய தோட்டத்தில் கூலிக்குக் கொத்தியவரின் வாக்கும் எண்ணும்போது ஒன்றுக்கொன்று சமம். 1931 இல் வந்த சர்வசன வாக்குரிமை இந்நாட்டில் செய்த பெரிய காரியம் இதுவே.

முகாம் வாழ்க்கையில் இந்தச் சமத்துவம் மீண்டும் சோதனைக்குள்ளாகிறது. நிவாரண அட்டை ஒருவரின் கையில், வேலைப் பட்டியல் இன்னொருவரின் கையில். தேர்தல் கிட்டும்போது உலர் உணவுப் பொதியும் கூரைத் தகடும் வருகின்றன. 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின்படி வாக்குக்காகப் பொருள் கொடுப்பது குற்றம். இல்லாமையில் இருப்பவர் அரிசிப் பொதியை வாங்கினால் அவரைக் குறைசொல்ல எமக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் சொல்வோம்: பொதிக்குள் இருப்பது எமது வரிப்பணமாகவே பல வேளைகளில் இருக்கிறது. அதற்கு நாம் கடன்பட்டவர்கள் அல்லர்.

பயமும் புறக்கணிப்பும்

வாக்குப் போடாமல் இருப்பதும் எமது வரலாற்றில் ஒரு பழைய வழி. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு சுயாட்சி தரவில்லையென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. அந்த ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. இலட்சியம் உயர்ந்தது. ஆனால் சபையில் யாழ்ப்பாணத்தின் குரல் மூன்று ஆண்டுகள் இல்லை.

போர்க்காலப் புறக்கணிப்பு வேறுவகையானது. 1994 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலில், இராணுவத்தின் கட்டுப்பாட்டிலிருந்த தீவுப் பகுதிகளைத் தவிரக் குடாநாட்டில் வாக்களிப்பு நடைபெற முடியவில்லை. 11,000 க்கும் குறைந்த வாக்குகளோடு ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியினர் 9 ஆசனங்களைப் பெற்றனர். ஏனைய இலட்சக்கணக்கானோர் கேட்கப்படவேயில்லை.

2005 நவம்பர் 17 ஆம் திகதிய சனாதிபதித் தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறையில்லை என்று விடுதலைப் புலிகள் அறிவித்தனர். போனால் என்ன நடக்குமோ என்ற பயம் ஊரெங்கும் இருந்தது. யாழ். மாவட்டத்தில் பதியப்பட்டிருந்த ஏறத்தாழ 7 இலட்சம் பேரில் வாக்களித்தவர்கள் 8,524 பேர், அதாவது 1.21 வீதம். கிளிநொச்சித் தொகுதியில் ஒரேயொரு வாக்கு. நாடு முழுவதும் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலிருந்த வித்தியாசம் 180,786 வாக்குகள். மகிந்த ராஜபக்ச சனாதிபதியானார். வேறு ஒருவர் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எவரும் உறுதியாகக் கூற முடியாது. ஆனால் நாட்டின் போக்கைத் தீர்மானித்த நாளொன்றில் எமது மாவட்டம் மௌனமாக்கப்பட்டிருந்தது என்பதை மறுக்க முடியாது.

பயம் போன பின்னரும் சலிப்பு நின்றது. போர் முடிந்த பின் 2010 சனவரியில் நடந்த சனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் நான்கு பேரில் ஒருவரே வாக்களித்தார். பலர் வவுனியா முகாம்களில் இருந்தனர். பலருக்குப் பெயர் எங்கே பதியப்பட்டிருக்கிறதென்றே தெரியவில்லை. போக வர வாகனமும் இல்லை.

நம்பிக்கையின் கணக்கு

இப்போது வளலாய்க்கு வருவோம்.

2015 சனவரி 8 ஆம் திகதிய சனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தனர். அதில் நான்கில் மூன்று பங்கு மைத்திரிபால சிறிசேனவுக்கு. அவர்மீது கொண்ட அன்பினால் மட்டும் போட்ட வாக்கல்ல அது. இருந்த நிலை மாறவேண்டும், காணி விடுபடவேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அவ்வாண்டு மார்ச் 23 ஆம் திகதி வளலாயில் நடந்த வைபவத்தில் சனாதிபதியும் பிரதமரும் வந்து, உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து 425 ஏக்கர் காணியை உரியவர்களிடம் கையளித்தனர். கால் நூற்றாண்டின் பின் மக்கள் தம் வளவுகளுக்குள் கால் வைத்தார்கள். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. எல்லைக் கதியால் இல்லை. ஆனாலும் மண் இருந்தது. வாக்குப் போட்டு என்னத்தைக் கண்டோம் என்ற கேள்விக்கு ஒரு சிறு விடை அங்கே கிடைத்தது. முழு விடையல்ல. அடுத்தடுத்த ஆண்டுகளில் சில பகுதிகள் விடுபட்டன. சில இன்றும் விடுபடவில்லை.

2024 இல் மக்கள் மீண்டும் கணக்குப் பார்த்தார்கள். செப்ரெம்பர் 21 சனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்காவுக்கு யாழ். மாவட்டத்தில் 7 வீதமளவே கிடைத்தது. தமிழ்த் தரப்பும் ஒன்றாக நிற்கவில்லை. தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிக்க, வேறு கட்சிகளும் அமைப்புகளும் பொது வேட்பாளராக அரியநேத்திரனை நிறுத்தின. எட்டு வாரத்தின் பின், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், அதே அநுரவின் தேசிய மக்கள் சக்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்குகளோடு முதலிடம் பெற்று, 6 ஆசனங்களில் 3 ஐ எடுத்தது. இதற்குக் காரணம் ஒன்றல்ல. பிளவுபட்ட தலைமைகள் மீது சலிப்பு, பொருளாதார நெருக்கடி தந்த கோபம், புதியவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்ப்போம் என்ற இளைஞரின் எண்ணம் எல்லாம் சேர்ந்தன. வாக்களிப்புக்கு இரண்டு வாரம் முன், 1990 முதல் மூடிக்கிடந்த பலாலிப் பக்கத்து வீதியொன்று பகல் வேளைகளில் மட்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை.

ஆனால் 2025 மார்ச் 28 ஆம் திகதி வந்த வர்த்தமானி அறிவித்தலொன்று, வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வரவேண்டும் என்றது. உறுதி எரிந்துபோனவர்களும் வெளிநாடு போனவர்களும் மூன்று மாதத்தில் என்ன செய்வார்கள்? மக்கள் கொதித்தார்கள். மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி மாவட்டத்தில் மீண்டும் முன்னுக்கு வந்தது. பலத்த எதிர்ப்பின் பின் அரசு அறிவித்தலை மீளப் பெற்றது.

இதிலிருந்து ஒரு பாடம் தெரிகிறது. எமது வாக்கு எப்போதும் ஒரே பெட்டிக்குள் விழும் என்று எண்ணுபவர் எமது காணியைப் பற்றி நினைக்கமாட்டார். எமது வாக்கு எப்போதுமே வராது என்று எண்ணுபவரும் நினைக்கமாட்டார். வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலையில்தான் எம்மைத் தேடி வருகிறார்கள்.

இடாப்பில் இல்லாதவர்

மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் அடியிலே ஒன்று உண்டு. பெயர் இடாப்பில் இல்லாவிட்டால் வெங்காயமும் பேசாது, மொழியும் பேசாது.

பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 மாவட்டங்களிலிருந்து தெரிவாகின்றன. மாகாணத்துக்கு 4 வீதம் 36 போக, மீதி 160 ஆசனங்களும் பதியப்பட்ட வாக்காளர் தொகைக்கேற்பப் பங்கிடப்படுகின்றன. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 1989 இல் 11 ஆசனங்கள் இருந்தன. 1994 இல் 10, 2000 முதல் 2010 வரை 9, 2015 இலும் 2020 இலும் 7, 2024 இல் 6. இறந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் போக, இங்கேயே இருந்தும் பதியாதவர்களும் இந்தக் குறைவில் சேர்ந்திருக்கிறார்கள்.

வவுனியாவிலோ கொழும்பிலோ புத்தளத்திலோ இருப்பவர் அங்கே பதிந்தால் இங்கே ஒரு வாக்காளர் குறைகிறார். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்களுக்கும் இதே நெருக்கடி. இதற்காகவே 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம், இடம்பெயர்ந்தோர் முன்பு வசித்த மாவட்டத்தில் பதிவதற்குக் காலவரையறையோடு வழிசெய்தது. வடமராட்சியில் தங்கியிருக்கும் வலிகாமத்தவர் எங்கே பதிந்தாலும் மாவட்டத்தின் கணக்கு மாறாது. ஆனால் ஊரின் பிரதேச சபைத் தேர்தலில் அவருக்குக் குரல் இருக்குமா என்பது மாறும்.

வாக்காளர் இடாப்பு காணி உறுதியல்ல. ஆயினும் இந்த ஊரில் இந்தக் குடும்பம் இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று. பழைய இடாப்பின் பிரதி யாரிடமாவது இருந்தால் உறுதியோடும் குடும்ப அட்டையோடும் சேர்த்துப் பத்திரப்படுத்தி வையுங்கள். ஆண்டுதோறும் இடாப்பு மீளாய்வு நடக்கும்போது கிராம அலுவலரிடம் சென்று, வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள். முகாமில் பிறந்து ஊரையே காணாத பிள்ளைக்கு அந்தப் பெயர்ப் பதிவு ஓர் உரித்து.

வாக்குச்சீட்டிலும் கவனம் வேண்டும். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கு அல்லது குழுவுக்குப் புள்ளடி போடவேண்டும். பின்பு அதே அணியின் வேட்பாளர் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் வாக்கு வீண். ஒவ்வொரு தேர்தலிலும் யாழ். மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வாக்குகள் நிராகரிக்கப்படுகின்றன. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், முதியவர்களுக்கும் கணவரை இழந்து தனியே குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்கும் சிறப்பாக. ஆனால் யாருக்குப் போடுவது என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். வாக்கு இரகசியமானது. அதிகாரியோ கட்சிக்காரரோ கணவரோ அதைக் கேட்க உரிமையில்லை.

நாபோத்தின் தோட்டம்

வேதாகமத்தில் அரசர்களின் முதலாம் நூலில் நாபோத்து என்ற விவசாயியின் கதை வருகிறது. அவனுடைய திராட்சைத் தோட்டம் ஆகாபு அரசனின் மாளிகைக்கு அருகில் இருந்தது. அரசன் விலை பேசினான், மாற்றுக் காணி தருவதாகவும் சொன்னான். முன்னோரின் உரிமைச் சொத்தைத் தரமுடியாது என்றான் நாபோத்து. பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கொன்று தோட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். நியாயம் கேட்க எலியா இறைவாக்கினர் ஒருவரே வந்தார்.

நாபோத்துக்கு வாக்கு இருக்கவில்லை. எமக்கு இருக்கிறது. அது ஒன்றே எல்லாவற்றையும் தந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. வளலாய்க்கு வந்தது பலாலிக்கு வர எத்தனை காலம் ஆகும் என்பதும் எமக்குத் தெரியாது. எந்தக் கட்சிக்குப் போடவேண்டும் என்று சொல்வதும் எமது வேலையல்ல. ஆனால் அடுத்த முறை ஒருவர் உங்கள் வாசலுக்கு வரும்போது, முதலில் அவரை இருத்தித் தேநீர் கொடுங்கள். பிறகு கேளுங்கள்: எங்கள் ஊரில் எத்தனை ஏக்கர் இன்னும் பூட்டிக் கிடக்கிறது? அதைப் பற்றி நீங்கள் எந்தச் சபையில், எந்த நாளில் பேசினீர்கள்? எங்கள் வெங்காயம் சந்தைக்கு வரும் காலத்தில் வெளிநாட்டு வெங்காயத்தை இறக்கினால் நீங்கள் எந்தப் பக்கம் கையுயர்த்துவீர்கள்?

விடையைக் கேட்டுவிட்டு வீட்டிலே எல்லோரும் இருந்து பேசுங்கள். பேசியபின் ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்மானியுங்கள்.

குழுவாக இருந்து சிந்திக்க:

1. கடந்த தேர்தலில் நான் வாக்களித்தது எதற்காக? வாக்களிக்காதிருந்தால், எதற்காக?

2. எமது வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய எல்லோருடைய பெயரும் இடாப்பில் உள்ளதா? எந்த ஊரின் இடாப்பில்?

3. எமது ஊரவர் சேர்ந்து ஒரு வேட்பாளரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி எது?